மாமாவின் மெழுகுச் செட்

எங்கள் வீட்டில் 'செட்' என்கிற வார்த்தையைப் பிடுங்கிவிட்டால் அத்தனை பேரும் ஊமையாகிவிடுவோம். என் மாமனார் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், கூட்டம், பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று எதுவானாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான். என் கணவர் டைல்ஸ் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். குளியலறைக்கு ஒரு செட், சமையலறைக்கு ஒரு செட் என்று நாள் முழுக்க அதே பேச்சு. நான் பல் செட் செய்கிறேன். வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் செய்து கொடுப்பேன். தெருவில் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "மைக் செட்காரர் மருமக, பல் செட் பண்றாங்களே, அவங்க" என்பார்கள்.

இங்கிலீஷ் அகராதியில் இந்த ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறார்களாம். நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு காலை நேரம் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தால் போதும். யார் அலாரம் செட் பண்ண மறந்தது என்று ஒரு சத்தம் கேட்கும். பல் அச்சில் ஊற்றின மாவு இன்னும் இறுகி செட் ஆகவில்லை, யாரும் மேஜையை இடிக்காதீர்கள் என்று நான் கத்துவேன். 'அவன் நம்ம செட்டு' என்று மாமா சொன்னால், கூடப் படித்தவர் என்று பொருள். 'ரெண்டு பேரும் செட்டு சேந்துட்டாங்க' என்று நான் சொன்னால், அப்பாவும் பிள்ளையும் எனக்கு எதிராக ஒன்றாகிவிட்டார்கள் என்று பொருள். இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். என் ஆத்திரமெல்லாம் என் கணவர் அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிற விதத்தின் மேல்தான்.

அவருக்குப் பிடிக்காதது எல்லாமே 'செட் ஆகாது'. நான் ஆசைப்பட்டு வாங்கிய திரைச்சீலை செட் ஆகாது. என் அண்ணன் வீட்டில் போய்த் தங்குவது செட் ஆகாது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலைக்கலாம், சண்டை போடவாவது ஒரு பிடி கிடைக்கும். 'செட் ஆகாது' என்றால் என்னவோ பொருளுக்கும் பொருளுக்கும்தான் ஒத்துப்போகவில்லை, நடுவில் இவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது மாதிரி ஆகிவிடும். இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மனிதர் தன் அப்பாவின் கல்யாணத்தைப் பற்றியும் அதையேதான் சொன்னார்.

மாமாவுக்குக் கல்யாணமா என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். நாங்கள் ஏற்கெனவே பிளந்து முடித்தாயிற்று. மாமியார் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மாமா ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் குழாய்களையும் விற்றுவிட்டு, தன் டீயைத் தானே போட்டுக்கொண்டு வீட்டோடு ஆனார். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் கூட்டம் நடத்துகிற பெரிய மண்டபம் ஒன்று உண்டு. அதன் சாவியெல்லாம் ஓர் அம்மாவிடம்தான் இருந்தது. நாற்காலி எண்ணுவதிலிருந்து விளக்கை அணைப்பதுவரை அவர் பொறுப்பு. நாங்கள் ஹால் அம்மா என்போம். அவருக்கும் கணவர் இல்லை. வேலைக்காலம் முழுக்க அந்த மண்டபத்தில் மாமாவும் அவரும் "மேடம், ப்ளக் பாயிண்ட் எங்க இருக்கு?", "மைக் சார், சத்தத்தக் கொஞ்சம் குறைங்க" என்பதற்கு மேல் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான், சாயங்கால நடைப்பயிற்சியில் பார்த்துக்கொண்டு, பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஒரு நாள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து ஹால் அம்மா நேராகவே கேட்டுவிட்டார். "மைக் சார், நீங்களும் தனியா டீ போட்டுக் குடிக்கறீங்க, நானும் தனியா குடிக்கறேன். ஒண்ணா இருந்தா என்ன?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதருக்கு அப்போது வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆடிக்கொண்டிருந்த அத்தனையையும் டாக்டர் அப்போதுதான் பிடுங்கியிருந்தார். ஈறு ஆறி, அளவெடுத்து, புது செட் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிய மனிதர், கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடமாடினார். அந்த அம்மாவிடம் கையை மட்டும் ஆட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று ஜாடை காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் மாமா, தலையை ஆட்டி சரின்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை பல் வைத்து எழுதுகிறேன்.

"அவங்க கேட்ட கேள்விக்குத் தலைய ஆட்டக்கூடாதும்மா. வாய் நிறைய சொல்லணும். நீ சீக்கிரம் பல்லக் குடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் ஒரு வார்த்தையை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல நினைக்கிற ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. என் கணவர் என்னிடம் சம்மதம் சொன்னது போனில், வாயில் எதையோ மென்றுகொண்டே.

விஷயம் கணவர் காதுக்குப் போனதும் வீடு இரண்டுபட்டது. "செட் ஆகாது" என்றார். ஏன் என்றேன். "இந்த வயசுல எதுக்கு? ஊர் என்ன பேசும் தெரியுமா? செட்டப்புன்னு பேசும்."

"செட்டப்புன்னு பேசக்கூடாதுன்னுதான் கல்யாணம் பண்ணிக்கறாங்க. அது புரியலையா உங்களுக்கு?"

அவர் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா வெச்ச இடத்துலதான் இன்னும் டம்ளர் எல்லாம் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மனிதர் ஊருக்குப் பயப்படவில்லை, டம்ளர் இடம் மாறிவிடும் என்று பயப்படுகிறார். அதை நேராகச் சொல்லத் தெரியாமல் செட் ஆகாது, செட் ஆகாது என்று ஓதிக்கொண்டிருக்கிறார். பாவமாகவும் இருந்தது, ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

கடைசியில், இரண்டு குடும்பமும் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடலாம் என்று முடிவானது. ஹால் அம்மாவின் மகனும் அந்தப் பக்கம் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான் என்று கேள்வி. அவன் வேலை விஷயமாக வெளியூர் கிளம்ப வேண்டியிருந்ததால், நாங்கள் எதிர்பார்த்ததற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். பல் செட் ஒரேயடியாக வருகிற பொருள் இல்லை. முதலில் வாயின் அச்சு எடுத்து, அதன்மேல் ஒரு தகடு செய்து, அதில் மெழுகை உருக்கி வைத்து, பல்லை ஒவ்வொன்றாக அந்த மெழுகில் நட வேண்டும். அதை ஒரு தடவை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். பல் தூக்கலாக இருக்கிறதா, உதடு மூடுகிறதா, முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மெழுகை வெந்நீரில் உருக்கி எடுத்துவிட்டு, கெட்டியான ரோஸ் நிறக் கலவையை அந்த இடத்தில் அடைத்து வேகவைப்போம். மெழுகில் இருக்கிறவரை பல்லை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். அது செய்கிறவளுக்கு வசதி, போட்டுக்கொள்கிறவருக்கு ஆபத்து. மாமாவின் செட் அன்றைக்கு அந்த மெழுகு நிலையில்தான் என் மேஜையில், அச்சின்மேல் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இது கண்ணாடியில பாத்துக்கறதுக்கு மட்டும்தான். டாக்டர் பாக்கணும், அப்புறம்தான் வேகவைக்கணும். ஞாயித்துக்கிழமைக்கு வராது. நீங்க பல் இல்லாமலே வாங்க, பேசறத நாங்க பேசிக்கறோம்" என்றேன். மாமா மிகவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் கிளம்பினோம். கணவர் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில், நானும் மாமாவும் பின்னால். மாமா புதுச் சட்டை போட்டு, வழக்கம்போல கர்ச்சீப்பால் வாயை மூடியிருந்தார். வழியில் ஒரு மாடு நடுரோட்டில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி, மாட்டிடம் போய்க் கைகூப்பினான். மாமா கர்ச்சீப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

வரிசையாக, பளிச்சென்று, நான் நட்ட பற்கள்.

"மாமா!" என்று அவர் காதுக்குள் சீறினேன். "அது மெழுகு மாமா!"

"தெரியும்மா. உன் டப்பாவுலேந்து ஒட்டற பவுடரும் போட்டுக்கிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஜோரா உக்காந்திருக்கு. சரி. சந்தோஷம். சாயங்காலம். சம்மதம். பாத்தியா, 'ச' எல்லாம் எவ்வளவு சுத்தமா வருது!"

"என்ன அங்க குசுகுசுன்னு?" என்றார் முன் சீட்டு.

"ஒண்ணுமில்ல, மாட்டைப் பத்திப் பேசறோம்."

திரும்பிப் போகவும் முடியாது. திட்டவும் மனசு வரவில்லை, மனிதர் அவ்வளவு அழகாக இருந்தார். கீழ்க்குரலில் உத்தரவு போட்டேன். "சூடா ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது, மெழுகு இளகிடும். எதையும் கடிக்கக்கூடாது. பெரிசா சிரிக்கக்கூடாது."

"அப்புறம் எதுக்கும்மா பல்லு?"

"போன உடனே சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாயை மூடிக்கங்க. அதுக்குத்தான்."

ஹால் அம்மாவின் வீடு மாடியில் இருந்தது. சோபாவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை, உட்கார்ந்தால் முனகியது. ஹால் அம்மா கதவைத் திறந்தபோது மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய மகன் வந்து, "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நடுவில் நின்றுகொண்டான். மாமா மரியாதை தெரிந்தவர். சின்னவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அந்த மரியாதையில்தான் காரியம் கெட்டது.

அந்த மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க அம்மாவுக்கு இதெல்லாம் செட் ஆகுமான்னுதான் எனக்கு யோசனையா இருக்கு" என்று ஆரம்பித்தான். என் கணவரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தொலைந்துபோன தம்பியைக் கண்டுபிடித்ததுபோல நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அதேதான் நானும் சொல்றேன். அவங்க மைண்ட் செட் வேற, இவங்க மைண்ட் செட் வேற" என்றார். இவன் ஆமாம் என்றான், அவர் ஆமாம் என்றார். கொஞ்ச நேரத்தில் இருவரும் செட்டு சேர்ந்து, பழக்கவழக்கம், வயது, ஊர் வாய் என்று அலசி, குளியலறையில் வழுக்காத டைல்ஸ் வரைக்கும் போய்விட்டார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மாமாவின் விலாவில் இடித்தேன். மாமா வாயைத் திறந்தார். சரியாக அப்போது ஹால் அம்மா எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் தட்டு. தட்டில் டீ. ஆவி பறந்தது.

"மாமாவுக்குத் தண்ணி போதும்மா" என்றேன் அவசரமாக.

"அப்பாவா? டீக்கு மாட்டேன்னு சொல்ற ஆளா?" என்றார் என் அருமைக் கணவர். "என்னப்பா, புதுசா வெக்கமா?"

அப்போதும் தப்பித்திருக்கலாம். ஆனால் ஹால் அம்மா அவரே கப்பையும் சாஸரையும் எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். "இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னீங்களே. சக்கரை சரியா இருக்கா பாருங்க" என்று எதிரிலேயே நின்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கும்பிட்டேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். டீயை ஒரு மடக்கு குடித்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. "நல்லா இருக்கு" என்றுகூட சொன்னார், தெளிவாக. ஹால் அம்மா சிரித்தார். மாமாவுக்கும் தைரியம் வந்து இன்னொரு மடக்கு குடித்தார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ மாறியது. உதடுகள் இறுக மூடிக்கொண்டன. மீசைக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. நாக்கு உள்ளே ஓடி ஓடி இடிகிற சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. முன்பல் ஒன்று குறுக்கே திரும்பி உதட்டோரம் எட்டிப்பார்த்தது, அவர் அதை உள்ளே உறிஞ்சிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

"எல்லாரும் பேசிட்டாங்க" என்றார் ஹால் அம்மா. "மைக் சார், நீங்க ஒண்ணுமே சொல்லலையே. நான் கேட்டதுக்குக் கொஞ்சம் பொறுங்கன்னு ஜாடை காட்டிட்டுப் போனீங்க."

மாமாவின் கண் மட்டும் விரிந்தது.

"உங்களுக்கு விருப்பந்தானே?"

மாமா வேகமாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல, ஏதாவது தயக்கமா?"

மாமா அதைவிட வேகமாக இல்லை என்று ஆட்டினார். இரண்டு ஆட்டலும் ஒன்றோடொன்று கலந்து, பார்க்கிறவர்களுக்கு மனிதர் எல்லாவற்றையும் மறுப்பது போலத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். சொல்லாதே என்று அர்த்தம். மெழுகு இளகிப் பல் கழல்கிறது என்று அந்த அம்மா முன்னால் அம்பலமாவதைவிட அவருக்கு வேறு அவமானம் இல்லை.

"அப்பாவுக்கே இதுல இஷ்டமில்ல போலிருக்கு" என்றார் என் கணவர். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அவரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல இருந்தது. "நாந்தான் அப்பவே சொன்னேனே. கட்டாயப்படுத்த வேண்டாம், விட்டுடலாம்."

"சரி" என்றார் ஹால் அம்மா.

அந்தச் 'சரி'யில் கோபமில்லை, குறையில்லை. கூட்டம் முடிந்துவிட்டது, நாற்காலிகளை மடக்கலாம் என்பது போன்ற ஒரு 'சரி'. அவர் எழுந்து கப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். மகனுடைய கப், என் கணவருடையது, என்னுடையது. கடைசியாக மாமாவிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், கையை நீட்டினார்.

மாமா கப்பைக் கொடுக்கவில்லை. சாஸரை வாய்க்குக் கீழே பிடித்தார். துப்பினார்.

நான் நாள்கணக்கில் உட்கார்ந்து நட்ட அத்தனையும் வந்து விழுந்தது. ரோஸ் மெழுகு கோந்துபோல இழுபட, பாதிப் பல் தகட்டில், பாதி சாஸரில், இரண்டு மட்டும் தரையில் உருண்டு சோபாவுக்கு அடியில் போயின. ஹால் அம்மாவின் மகன் "ஐயோ, பல்லு!" என்று காலைத் தூக்கிச் சோபாமேல் வைத்துக்கொண்டான்.

"ஹம்மஹம்!" என்றார் மாமா.

மைக்கே இல்லாமல் மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்திருப்பார்.

"மேடம், எனக்கு ஹம்மஹம்! அன்னைக்கே ஹம்மஹம்! பல்லு வரட்டும்னுஹான் இருந்தேன். பல்லு கெடக்குது! எனக்கு ஹம்மஹம்!"

முகமெல்லாம் சிவந்து, தாடையில் மெழுகு வழிய, கையில் சாஸரை ஏந்திக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார். பையிலிருந்து தன் கர்ச்சீப்பை எடுத்து, அப்பாவின் தாடையைத் துடைத்தார். பிறகு முழங்காலிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டு, உருண்டுபோன இரண்டு பல்லையும் தேடி எடுத்து, அதையும் துடைத்து, என் கையில் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய 'செட் ஆகாது' எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் இல்லை, பாதியை.

ஹால் அம்மா தட்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். "என்ன சொன்னீங்க மைக் சார்?" என்று கேட்டார்.

பாவம், புரியவில்லை என்று நினைத்தேன். முந்திக்கொண்டு, "அம்மா, மாமா என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாமாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை முனகியது.

"நீ இரும்மா. எனக்கு மொதல் தடவையே புரிஞ்சிடுச்சு. இன்னொரு தடவ அவர் வாயால கேக்கலாம்னு பாத்தேன்."